ஐப்பசியில் புகைந்த குடில்

ஊரில் என்னைச் சத்தியம் தவறினவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவரவர் வாய் அவரவருக்கு. ஆனால் நடந்தது என்ன என்று ஒரு சனமும் என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

என் பெயர் கமலாவதி. தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடப் படலைக்கு எதிரே ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். கொப்பி, பென்சில், விளக்கெண்ணெய், கச்சான் கடலை, அத்தோடு சுருட்டு, பீடி, சிகரெட். என் மனுசன் செத்துப் போன பிறகு தொடங்கிய கடை. அவர் புகையிலைத் தோட்டக்காரர். வாயில் சுருட்டு இல்லாமல் நான் அவரைக் கண்டது மணவறையில் மட்டும்தான். கடைசியில் தொண்டையில் கட்டி வந்து, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல், என் கண்ணுக்கு முன்னால் வற்றி வற்றிச் செத்தார். அப்போது எங்கள் மகன் தியாகலிங்கத்துக்கு ஒன்பது வயது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. இவன் அந்தச் சனியனைத் தொடக்கூடாது. படித்து, பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் போய், ஒரு உத்தியோகத்தில் இருக்கவேண்டும். எங்கள் இரண்டு பக்கத்திலும் ஏ.எல். வகுப்பு வரைக்கும் வந்த முதல் ஆள் அவன்தான். அரசாங்கம் தரப்படுத்தல் கொண்டுவந்து, கம்பஸுக்கு எடுபட எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடப் புள்ளி வேண்டும் என்று ஆன காலம் அது. வருடம் எழுபத்துமூன்று.

அப்போ நீ ஏன் சிகரெட் விற்றாய் என்று கேட்பீர்கள். விற்றேன். நான் விற்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்கள், எனக்கு உலை கொதிக்காது. அவ்வளவுதான் கதை. பள்ளிக்கூடப் பெடியன்களின் பழக்கம் மாறி வந்ததை இருந்த இடத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் கடை தொடங்கின காலத்தில் மேல் வகுப்புக்காரர் இரண்டொருவர் தகப்பன்மார் போட்ட குறைச் சுருட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பனங்கூடலுக்குள் இருந்து இருமுவார்கள். பிறகு பீடி வந்தது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் கதாநாயகன்மார் விரலிடுக்கில் வைத்து இழுக்கிறதைப் பார்த்துவிட்டு வந்து, எல்லாருக்கும் பில்டர் சிகரெட்தான் வேண்டும் என்றாகிவிட்டது. முளைத்து மூன்று இலை விடாதவன் எல்லாம் தலைமயிரை நெற்றியில் இழுத்துவிட்டுக்கொண்டு, "அக்கா, ஒண்டு தாங்கோ" என்று வந்து நிற்பான்.

அந்த வருடம் விளையாட்டுப் போட்டியன்று எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சுருட்டுப் புகையை விழுங்கிவிட்டு, சத்தி எடுத்து, ஓடுகிற இடத்திலேயே மயங்கி விழுந்தான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த அதிபர் அதோடு விடவில்லை. கிராமச் சபைத் தலைவர் முத்துக்குமாருவையும் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த மூன்று கடைக்காரரையும் கூப்பிட்டார். நான் ஒருத்தி. தேத்தண்ணிக் கடை ஆழ்வாப்பிள்ளை ஒருவர். மூன்றாவது என் கூடப்பிறந்த அண்ணை, கனகரத்தினம். அண்ணைக்குச் சந்தியில் கடை, பள்ளிக்கூடத்துக்குப் பின்வேலியோடு புகையிலைத் தோட்டம்.

அதிபர் இரண்டு சட்டம் சொன்னார். மாணவனுக்கு விற்கிற கடையை முத்துக்குமாரு மூடவேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் வைத்து விற்கிற மாணவனின் பெயரை அவர் வெட்டுவார். எல்லாரும் தலையாட்டிவிட்டு எழும்பப் போனபோது அண்ணைதான் கை காட்டி நிறுத்தினார்.

"வாயாலை சொல்லிப்போட்டுப் போனால் நாளைக்கு ஆர் ஞாபகம் வைச்சிருக்கப் போகினம்? பிள்ளையார் கோயிலிலை கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவம். நான் முதல் ஆளா நிக்கிறன்."

எங்கள் பக்கத்துச் சங்கதி தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். கோட்டுக் கூண்டில் ஏறிப் பொய் சொன்னவனை எங்கள் சனம் கெட்டிக்காரன் என்றுகூடச் சொல்லும். கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு மாறினவன் வீட்டில் தண்ணீர் குடிக்காது. எல்லைச் சண்டை, நகைச் சண்டை எல்லாம் அந்த நெருப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஆராய்ச்சி இல்லை. அதனால் அண்ணை அப்படிச் சொன்னதும் எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. தகப்பன் இல்லாத பெடியனுக்கு நல்ல மாமன் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்தேன். மூன்று பேரும் போய், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புகைக்கிற சாமான் ஒன்றும் விற்க மாட்டோம் என்று சொல்லி ஆளுக்கொரு கற்பூரம் அணைத்தோம். சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை. ஊரில் பாதிச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

அடுத்த நாளே என் கடை காய்ந்துவிட்டது. சிகரெட் வாங்க வருகிறவன்தான் கச்சானும் வாங்குவான், சோடாவும் குடிப்பான். வந்து கெஞ்சினவன்களை விளக்குமாறு எடுத்து விரட்டினேன். "பெரியப்பாவுக்கு" என்று பொய் சொல்லி வந்தவனிடம் "பெரியப்பாவையே வரச்சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். வைகாசிக்குப் பிறகு ஒருத்தனும் கேட்டு வரவில்லை. திருந்திவிட்டான்கள் என்று நம்பினேன்.

அதைவிடப் பகிடி ஒன்று இருக்கிறது. சிகரெட் போன இடத்தில் பெப்பர்மின்ட் இனிப்பு பிடித்துக்கொண்டது. இடைவேளை மணி அடிக்க முன்னமே கீழ் வகுப்புப் பெடியன்கள் வந்து போத்தலைக் காலி பண்ணிவிடுவான்கள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, அரைக் காற்சட்டை போட்ட குஞ்சுகள். நான் அதிபரைக் கண்டு, "பாத்தியளே சேர், சிகரெட்டை விட்டுப்போட்டு இனிப்புச் சாப்பிடுதுகள்" என்று சொன்னேன். அவரும் சந்தோசப்பட்டு, காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்ட வைத்தாராம். வாய் மணத்தை மறைக்கத்தான் இனிப்பு என்று எனக்குத் தோன்றவேயில்லை. மேல் வகுப்பில் நாலு பேரோடு நின்ற பழக்கம், தடை வந்த பிறகு கீழ் வகுப்புக்கு இறங்கியிருந்தது. முன்னர் சும்மா கிடந்த சாமான் இப்போது ஒளித்துச் செய்கிற சாமான் ஆகிவிட்டது அல்லவா, குஞ்சுகளுக்கு அதில் ஒரு வீரம். அந்த வீரத்துக்கு வாய் கழுவ நான் இனிப்பு விற்றுக்கொண்டிருந்தேன்.

தியாகலிங்கம் அந்த நாட்களில் பின்னேரங்களில் அண்ணையின் கடையில்தான் நிற்பான். "மாமாவுக்கு ஒத்தாசை" என்பான். அண்ணை அவனுக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கிக் கொடுத்தார். புதுச் சைக்கிளும் வரப்போகிறது என்றார். நான் அண்ணைக்குத் தோசை சுட்டு அனுப்பினேன்.

இனி அந்தக் குடிலைப் பற்றிச் சொல்லவேண்டும். அறுவடை செய்த புகையிலையை எங்கள் ஊரில் வெயிலில் காயவிட்டுச் சும்மா விடமாட்டார்கள். தென்னோலைக் கிடுகால் இறுக்க வேய்ந்த குடிலுக்குள் இலையைத் தூக்கிக் கட்டி, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டி, நாள் கணக்கில் புகை போடுவார்கள். சித்திரை, வைகாசி, ஆனியில் எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு குடில் புகைந்துகொண்டு நிற்கும். ஏன் புகைகிறது என்று எவரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பின்வேலியோடு நின்றது அண்ணையின் குடில். வேலியில் ஒரு பொட்டு. அதற்குள்ளால் நுழைந்தால் குடில். ஒளித்துப் புகைக்க அதைவிட இடம் உண்டா? புகைக்குள் புகை, மணத்துக்குள் மணம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஐப்பசி வந்தது. மழை தொடங்கிவிட்டது. புகையிலை இனித்தான் நாற்று மேடையில் முளைக்கவேண்டும். குடில்கள் எல்லாம் மண்வெட்டியும் பொச்சுமட்டையும் போட்டு வைக்கிற வெறும் குடில்கள். அப்படி ஒரு நாள் மழை விட்டு, இடைவேளை நேரத்தில் நான் கடைக்குப் பின்னால் நின்று நனைந்த விறகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு அப்பால் அண்ணையின் குடில் முகட்டிலிருந்து புகை.

எனக்குப் பகீர் என்றது. ஐப்பசியில் குடில் எதற்குப் புகைகிறது? நெருப்புப் பிடித்துவிட்டது, அண்ணையின் சொத்து போகிறது என்று நினைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

"ஐயோ, அண்ணையின்ரை குடில் பத்துது! ஓடி வாங்கோ! தண்ணி கொண்டு வாங்கோ!"

நான் போட்ட கூச்சலில் வாத்திமார் வாளிகளோடு பாய்ந்து வந்தார்கள். அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ரோட்டால் போன சனமும் வந்தது. முத்துக்குமாரு சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார். அண்ணை மட்டும் சந்தியிலிருந்து ஓடிவந்து, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, நான் பாக்கிறன், எல்லாரும் போங்கோ" என்று கதவுக்குக் குறுக்கே நின்றார். பாவம், பதறிப்போய் நிற்கிறார் என்று நினைத்து அவரைக் கையில் பிடித்து இழுத்து, கதவைத் திறந்தது நான்தான். என் இந்தக் கைதான்.

யாரோ எறிந்த சிகரெட் கட்டை பொச்சுமட்டையில் பற்றிப் புகைந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து குஞ்சுகள் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வந்தன. ஒரு ஏழாம் வகுப்புப் பெடியன் என் காலடியில் சத்தி எடுத்தான். அதோடு வந்து விழுந்தது என் கடைப் பெப்பர்மின்ட்.

கடைசியாக வெளியே வந்தவன் தியாகலிங்கம். கையில் ஒரு பால்மாத் தகரப் பேணி. அதற்குள் சிகரெட்டும் பீடியும்.

அதிபரின் அறையில் அன்று மத்தியானமே விசாரணை. அதிபர், முத்துக்குமாரு, குடில்காரன் என்றபடியால் அண்ணை, பிறகு நான். பெடியன் நடுவில். இடைவேளைகளில் அவன்தான் விற்கிறவன் என்று குஞ்சுகள் அழுது சொல்லிவிட்டன. அதிபர் கெட்டவர் அல்ல. பிரம்பை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகத்தான் கதைத்தார்.

"தியாகலிங்கம், ஏ.எல். சோதினைக்கு ரெண்டு மாதம் கிடக்கு. இப்ப நான் பேரை வெட்டினால் உனக்குச் சோதினை இல்லை. வேறை பள்ளிக்கூடமும் எடுக்காது. ஆனால் இது உன்ரை மூளையிலை வந்த வேலையில்லை. ஒரு பெரிய ஆள் உன்னைப் பிடிச்சுச் செய்விச்சிருக்குது. அது ஆரெண்டு சொல்லு. அடி வாங்கிப்போட்டு இருந்து படிக்கலாம்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. சொல்லிவிடடா ராசா என்று மனதுக்குள் மன்றாடினேன். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. குடில் அண்ணையுடையது, கடை அண்ணையுடையது, கைமணிக்கூடு அண்ணை கொடுத்தது. ஆனாலும், பெடியன் சொல்லட்டும், பெடியன் தப்பட்டும். அண்ணையை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

தியாகலிங்கம் நிமிர்ந்து அதிபரைப் பார்த்தான். குரல் நடுங்கவில்லை.

"அம்மாவின்ரை கடையிலை தந்தது, சேர்."

நான் பிழையாகக் கேட்கவில்லை. அவன் இரண்டாம் தரமும் சொன்னான். "சிகரெட் விக்காமல் கடை நடக்கேல்லை. அதாலை அம்மா என்னட்டைத் தந்து விட்டவ."

பிறகு அண்ணையைப் பார்த்தேன். என் அண்ணை. என்னைத் தோளில் வைத்துத் தேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போன அண்ணை. இப்போதாவது வாய் திறப்பார் என்று பார்த்தேன். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாக, கனிவாக, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. பெடியன்ரை படிப்பைப் பார்."

என்ன கனிவு பாருங்கள். முத்துக்குமாருவே அவரை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் பிள்ளை விற்றவன் மட்டுமல்ல, பெற்ற தாயின்மேல் பொய்ப் பழி போட்டவன். அன்றைக்கே பெயரை வெட்டியிருப்பார்கள். அவரைத் தொண்டையில் கட்டியோடு அனுப்பிவிட்டு, எட்டு வருடம் கச்சான் வறுத்து நான் இவனை இந்த வகுப்பு வரைக்கும் கொண்டுவந்தது எதற்கு? அவன் முகத்தைப் பார்த்தேன். பயத்தில் சொல்லிவிட்டான், குழந்தை, பிரம்பைக் கண்டு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிபர் கேட்டார், "உண்மையோ அம்மா?"

"ஓம்" என்றேன்.

முத்துக்குமாரு எழும்பி நின்று என் கையைப் பார்த்தார். "உந்தக் கையாலையோ கமலாவதி கற்பூரம் அணைச்சனி?"

அவ்வளவுதான். தியாகலிங்கத்துக்குப் பிரம்படி விழுந்தது, ஆனால் சோதனை எழுத விட்டார்கள். என் கடைக் கதவுக்குக் கிராமச் சபைப் பூட்டு விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை தன் கடை வாசலில் நின்று நான் போகும்வரை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கிணற்றில் பத்து வருடமாகத் தண்ணீர் அள்ளுகிற பக்கத்து வளவு இரத்தினம்மா, பின்னேரம் வாளியோடு என் படலையைத் தாண்டி, தூரத்துக் கிணற்றுக்கு நடந்து போனாள். ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் பரவாயில்லை. அண்ணையின் கடை திறந்துதான் இருந்தது. சத்தியம் காத்தவர் அல்லவா, அன்று வியாபாரம் கூட என்று கேள்வி.

இருட்டுகிற மைம்மல் பொழுதில் தியாகலிங்கம் வந்தான். அடிபட்ட கை வீங்கியிருந்தது. எண்ணெய் பூசிவிட்டேன். சோறு போட்டு, தேங்காய்ப்பால் விட்டு முருங்கையிலை போட்ட சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோபம் இருந்தது, ஆனால் மன்னிக்க ஆயத்தமாகவும் இருந்தேன். அவன் அழுவான், நானும் அழுவேன், பிறகு படிப்பான் என்று எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

"தம்பி, பயத்திலைதானே அப்பிடிச் சொன்னனீ?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"பயத்திலை இல்லையம்மா" என்றான். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னான். "மாமா முந்தியே சொல்லி வைச்சவர்."

"என்ன சொல்லி வைச்சவர்?"

"பிடிபட்டால் அம்மாவின்ரை பேரைச் சொல்லு எண்டு. பொம்பிளை, புருசன் இல்லாதவள், ஊர் பாவம் பாத்து விட்டிடும் எண்டவர். தன்ரை பேர் வந்தால் கடை போயிடும், பிறகு என்னைக் கம்பஸிலை வைச்சுப் படிப்பிக்க ஏலாது எண்டவர். அவர் சத்தியமும் தவறேல்லையாம் அம்மா. அவர் ஒருத்தருக்கும் விக்கேல்லை. எனக்குச் சும்மா தந்தவர், நான்தானே வித்தனான்."

அவன் அதை அண்ணையின் கெட்டித்தனத்தை மெச்சுகிற குரலில் சொன்னான். ஆனாலும் எனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. எங்கேயோ ஓர் இடத்தில், வியாபாரம் பெருகி, பயம் வந்து, பிறகுதான் இந்த யோசனை வந்திருக்கும் என்று நம்ப ஒரு சின்ன இடம் எனக்கு வேண்டியிருந்தது.

"எப்ப சொன்னவர்?"

"கற்பூரம் அடிச்ச அண்டைக்கு. கோயிலாலை வந்த உடனை."

அன்றைக்கே. முதல் சிகரெட் அந்தப் பேணிக்குள் போக முன்னமே, என் பெயர் போய்விட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஐப்பசி வரைக்கும் இவன் என் கையால் சாப்பிட்டிருக்கிறான். காய்ச்சல் வந்து என் மடியில் படுத்திருக்கிறான். சோதனைக்கு நேர்த்தி வைத்து நான் விரதம் இருந்ததையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணை செய்ததை நினைத்து எனக்கு எரிந்தது. ஆனால் அண்ணை என் அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். இவன் எனக்குப் பிறந்தவன்.

"மாமா அப்பிடிச் சொல்லேக்கை, நீ என்ன சொன்னனீ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். மறைக்க அல்ல. உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தான்.

"ஓம் எண்டனான்" என்றான். பிறகு கோப்பையை என் பக்கம் தள்ளினான். "கொஞ்சம் சொதி விடுங்கோவன் அம்மா."

விட்டேன்.